கன்றுக்குட்டியின் படை கறப்பவர் கைக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாட்டைக் காட்ட வருகிறவர்கள் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில்தான் சட்டைக் கையை மெல்ல மேலே சுருட்டுவார்கள். “அப்புறம் டாக்டர், இதையும் ஒருதடவ பாத்துடுங்களேன்.” முழங்கைக்குக் கீழே, ஐந்து ரூபாய் நாணயம் அளவில், சிவந்து தடித்து ஒரு வட்டம். நான் கால்நடை மருத்துவன். மனிதர்களுக்கு மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வட்டம் எங்கிருந்து வந்தது என்று பல சமயம் சொல்லிவிட முடியும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கன்றுக்குட்டிக்குக் கண்ணைச் சுற்றிச் சாம்பல் அப்பியதுபோல் இருக்கிறது. முடியும் கொட்டுகிறது. என்ன நோய்?

பெரும்பாலும் படைதான். படர்தாமரை என்றும் சொல்வோம். ட்ரைக்கோஃபைட்டான் வெருகோசம் என்ற பூஞ்சை தோலின் மேல் அடுக்கிலும் மயிரிலும் குடியேறி, அங்கிருக்கும் கெராட்டின் என்ற புரதத்தைத் தின்று வளர்கிறது. மயிர் வேரோரம் ஒடிந்து விழும். அந்த இடத்தில் சாம்பல் வெள்ளையில் தடித்த பக்கு கட்டும். கண்ணோரம், காது, நெற்றி, கழுத்து ஆகிய இடங்களில்தான் அதிகம் பார்க்கலாம். எருமைக் கன்றிலும் வரும், ஆடுகளிலும் வரும்.

ஒரு வயதுக்கு உட்பட்ட கன்றுகளுக்குத்தான் இது சுலபமாகப் பிடிக்கும். நெருக்கமாகக் கட்டியிருப்பது, வெயில் படாத ஈரத் தொழுவம், குடற்புழு, சத்துக் குறைவு எல்லாம் சேர்ந்தால் இன்னும் வேகமாகப் பரவும். ஒருமுறை வந்து ஆறிய மாட்டுக்கு நல்ல எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும். அதனால்தான் தாய்ப்பசு பளபளவென்று நிற்கும், அதன் கன்று மட்டும் வெள்ளை வட்டங்களோடு நிற்கும்.

இது மனிதருக்கு ஒட்டுமா?

ஒட்டும். நன்றாகவே ஒட்டும். மாட்டைத் தொட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்றுகூட இல்லை. உதிர்ந்த பக்கிலும் ஒடிந்த மயிரிலும் பூஞ்சையின் வித்துகள் இருக்கின்றன. கன்று உரசிய கம்பம், தும்புக்கயிறு, தேய்க்கும் பிரஷ், தீவனத் தொட்டியின் விளிம்பு என்று எல்லாவற்றிலும் அவை தங்கும். காய்ந்த இடத்தில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கன்று ஆறி, விற்று, வேறு கன்று வந்த பிறகும் அதே கட்டுத்தறியில் நோய் மறுபடி தலைகாட்டுவது இதனால்தான். “எங்க தொழுவத்துக்கு ராசியில்ல டாக்டர்” என்று ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். மூன்று வருடமாகக் கன்று மாறியிருக்கிறது, கயிறு மாறவில்லை.

கையில் சின்னக் கீறல், வைக்கோல் குத்திய இடம், வியர்வையில் ஊறிய தோல், இவையெல்லாம் வித்து உள்ளே போக வழி. தொற்றியபின் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் வெளியே தெரியும்.

உடம்பில் எந்த இடத்தில் வரும்?

மாடு படும் இடத்தில்தான். முன்கை, மணிக்கட்டு, புறங்கை, கழுத்து. கன்றைத் தோளில் தூக்குகிறவருக்குக் கழுத்தோரம். குந்தி உட்கார்ந்து, நெற்றியை மாட்டின் விலாவில் சாய்த்துக் கறப்பவர்களுக்கு நெற்றியிலும் கன்னத்திலும். ஆண்களுக்குத் தாடி மீசைப் பகுதியில் வந்துவிட்டால் கொஞ்சம் கடுமையாக இருக்கும். மயிர்க்கால் ஒவ்வொன்றும் சீழ் கோத்துக் கொப்புளமாகும், முடி இழுத்தால் வலிக்காமல் கையோடு வரும். கன்றைக் கட்டிப்பிடித்து விளையாடும் குழந்தைகளுக்குத் தலையில் வரும். இதைப் பற்றித் தனியாகக் கீழே சொல்கிறேன்.

எனக்கு இடுப்பிலும் தொடை இடுக்கிலும் படர்தாமரை. இதுவும் மாட்டிலிருந்து வந்ததுதானே?

அநேகமாக இல்லை. மாட்டின் மேல் பழி போடுவதற்கு முன் வீட்டில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பாருங்கள். இந்தியாவில் சில ஆண்டுகளாகப் பாடாய்ப்படுத்துவது மனிதரிடமிருந்து மனிதருக்குத் துண்டு, படுக்கை, உள்ளாடை வழியாகப் பரவும் பூஞ்சை. அதில் ஒரு வகைக்கு 2020 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்று பெயரே வைத்துவிட்டார்கள். டெர்பினஃபைன் என்ற வழக்கமான மாத்திரைக்கு அது பல நேரம் அடங்குவதில்லை.

இரண்டுக்கும் நடத்தையில் வித்தியாசம் உண்டு. மனிதரோடு பழகிய பூஞ்சை சத்தமில்லாமல் மாதக்கணக்கில் பரவும். மாட்டுப் பூஞ்சை நம் தோலுக்கு அந்நியன், அதனால் உடம்பு அதோடு பலமாகச் சண்டை போடும். சிவப்பு, வீக்கம், சீழ், வலி எல்லாம் அந்தச் சண்டையின் விளைவு. பார்க்கப் பயமாக இருந்தாலும் மாட்டிலிருந்து வந்தது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அவ்வளவாகத் தாவாது. ஒரே தொழுவத்தில் நான்கு பேருக்கு வந்தால், நான்கு பேரும் அதே கன்றிடம் தனித்தனியாக வாங்கியிருப்பார்கள்.

படர்தாமரை, வண்டுகடி, படை, தேமல்: எல்லாம் ஒன்றா?

முதல் மூன்றும் ஒரே நோய்க்கு ஊருக்கு ஊர் வழங்கும் பெயர்கள். வண்டு கடிப்பதுமில்லை, ‘ரிங்வார்ம்’ என்ற ஆங்கிலப் பெயர் சொல்வதுபோல் அதில் புழு இருப்பதுமில்லை. தாமரை இலைபோல் வட்டமாகப் படர்வது மட்டும் உண்மை. தேமல் வேறு. அது நம் தோலிலேயே எப்போதும் இருக்கும் ஒரு ஈஸ்ட் மிகையாக வளர்வதால் வருவது, மாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

மெடிக்கலில் ஒரு டியூப் கொடுத்தார்கள். இரண்டே நாளில் அரிப்பு நின்றுவிட்டது. அதையே தொடரலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

இரண்டே நாளில் அரிப்பு நின்றது என்றால் அந்த டியூபில் ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். அட்டையைத் திருப்பி உட்பொருள்களைப் படியுங்கள். குளோபீட்டாசால், பீட்டாமெத்தசோன், மொமீட்டாசோன் என்று ஏதாவது இருந்தால் அதுதான். கூடவே ஒரு பூஞ்சைக்கொல்லியும் ஓர் ஆன்டிபயாட்டிக்கும் கலந்திருக்கும். மூன்றும் ஒன்றாக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். நல்லதில்லை. பூஞ்சையோடு உடம்பு சண்டை போடுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடும். சிவப்பு மறையும், அரிப்பு அடங்கும், பூஞ்சை மட்டும் தடை இல்லாமல் உள்ளே பரவும். டியூப் தீர்ந்து நான்கு நாளில் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பும். உடனே இன்னொரு டியூப். இப்படியே ஆறு மாதம் ஓட்டினால் தோல் மெலிந்து, தழும்புக் கோடு விழுந்து, வட்டம் என்பதே அடையாளம் தெரியாமல் போகும். தோல் மருத்துவருக்கே அது என்ன நோய் என்று முதல் பார்வையில் தெரியாது.

நானும் பட்டிருக்கிறேன். படிக்கிற காலத்தில், கல்லூரிப் பண்ணையில் கன்றுகளைப் பிடித்துப் பிடித்து இடது முன்கையில் வந்தது. கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைத் தடவி, “போயே போச்சு” என்று நண்பர்களிடம் பெருமையடித்தேன். அடுத்த மாதம் அது முழங்கையைத் தாண்டியிருந்தது. கால்நடை மருத்துவம் படிக்கிறவனுக்கே அந்தப் புத்தி என்றால், நாலு மணிக்கு எழுந்து பால் கறந்து பஸ் பிடிக்கிறவரை நான் என்ன சொல்வது?

2018 இல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் அப்படி. கடையில் நடப்பது உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் சரியான சிகிச்சை எது?

ஒன்றிரண்டு சின்ன வட்டம் மட்டும் என்றால், ஸ்டீராய்டு கலக்காத பூஞ்சைக்கொல்லிக் களிம்பே பெரும்பாலும் போதும். கிளோட்ரிமசோல், டெர்பினஃபைன், லூலிகோனசோல் போன்றவை. வட்டத்தின் மேல் மட்டும் தடவாமல் விளிம்புக்கு வெளியே இரண்டு விரல்கடை வரை தடவ வேண்டும், ஏனென்றால் பூஞ்சை வெளிநோக்கித்தான் நகர்கிறது. மறைந்த பிறகும் ஒன்றிரண்டு வாரம் தொடர வேண்டும். பலரும் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள்.

தாடி, தலை, நிறைய வட்டங்கள், சீழ் என்றால் களிம்பு எட்டாது. பூஞ்சை மயிர்க்காலுக்குள் இருக்கிறது, மாத்திரைதான் அங்கே போகும். டெர்பினஃபைன், இட்ராகோனசோல், கிரிசியோஃபல்வின் இவற்றில் எது, எத்தனை வாரம் என்பதைத் தோல் மருத்துவர் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள், ஈரல் கோளாறு உள்ளவர்கள், வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரிசியோஃபல்வின் கர்ப்ப காலத்தில் கூடவே கூடாது.

இந்தக் கிரிசியோஃபல்வினுக்கு ஒரு கதை உண்டு. ஒரு பூஞ்சணத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தது 1939 இல். வாய்வழி கொடுத்தால் படை ஆறும் என்று தெரிந்தது 1958 இல்தான், அதுவும் கினி எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து. மனிதருக்கு வந்தது அதற்கப்புறம். விலங்குகள் நமக்குப் படையை மட்டும் கொடுக்கவில்லை.

டாக்டரிடம் போனால் என்ன சொல்ல வேண்டும்?

“நான் மாடு பார்க்கிறேன், கன்றுக்கும் இப்படி இருக்கிறது” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். செல்போனில் கன்றின் முகத்தை ஒரு படம் எடுத்துப் போனால் இன்னும் நல்லது. தோலைச் சுரண்டி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். செலவு குறைந்த சோதனை, சீக்கிரம் முடிந்துவிடும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்க அனுப்பினால் அங்கும் மாட்டு விஷயம் தெரிய வேண்டும். மற்ற படைப் பூஞ்சைகள் 25 முதல் 30 டிகிரியில் வளரும், மாட்டுப் பூஞ்சை 37 டிகிரியில்தான் நன்றாக வளரும், தயமின் சத்தும் கேட்கும், வாரக்கணக்கில் காக்க வைக்கும். சொல்லாமல் விட்டால் “எதுவும் வளரவில்லை” என்று முடிவு வரலாம்.

குழந்தையின் தலையில் வீங்கி, சீழ் வடிகிறது. கீறி விடலாமா?

கூடாது. தொட்டால் கொழகொழவென்று, தேன்கூடுபோல் பல துளைகளிலிருந்து சீழ் கசியும் வீக்கம் இது. கட்டி என்று நினைத்துக் கீறினால் பயன் இல்லை, தழும்புதான் மிஞ்சும். வெறும் ஆன்டிபயாட்டிக்காலும் அடங்காது. தாமதித்தால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடலாம். வாரக்கடைசி வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

கன்றுக்கு என்ன செய்வது? தானாக ஆறிவிடும் என்கிறார்களே?

உண்மைதான், பெரும்பாலான கன்றுகளுக்கு இரண்டு முதல் நான்கு மாதத்தில் தானே ஆறிவிடும். ஆனால் அந்த நான்கு மாதமும் அது தொழுவம் முழுக்க வித்து தூவிக்கொண்டிருக்கும். மருந்து போடுவது கன்றுக்காக மட்டுமில்லை, உங்கள் கைக்காகவும்தான்.

முதலில் கன்றைத் தனியே, வெயில் படும் இடத்தில் கட்டுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பக்கை ஊறவைத்து மெதுவாக எடுங்கள். ரத்தம் வருமளவு சுரண்ட வேண்டாம். எடுத்த பக்கைக் குப்பைமேட்டில் போடாதீர்கள், காகிதத்தில் அள்ளி எரித்துவிடுங்கள். பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்து: போவிடோன் அயோடினோ பூஞ்சைக்கொல்லிக் களிம்போ. கண்ணோரம் தடவும்போது கவனம். கறவை மாட்டின் மடியில் எதையும் கேட்காமல் தடவ வேண்டாம். குடற்புழு நீக்கமும் தாது உப்பும் பச்சைத் தீவனமும் மருந்துக்குச் சமம்.

கழிவு எஞ்சின் ஆயில் தடவும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். தோல் வெந்துபோகும், மாடு நக்கினால் வயிற்றுக்குள்ளும் போகும்.

சீமை அகத்தி நல்லது என்று பாட்டி சொல்கிறார்.

பாட்டி சும்மா சொல்லவில்லை. சீமை அகத்திக்கு வண்டுகொல்லி என்றே ஒரு பெயர். வண்டுகடிக்கு மருந்து என்பதால் வந்த பெயர் அது. அதன் இலையில் பூஞ்சையைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன, பிலிப்பைன்சிலும் இதே நோய்க்கு இதே இலையைத்தான் அரைக்கிறார்கள். கையில் ஒரு சின்ன வட்டத்துக்குத் தடவிப் பார்ப்பதில் தப்பில்லை. இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் விட்டுவிடுங்கள். சீழ் வைத்த இடத்திலும் முகத்திலும் தலையிலும் வேண்டாம்.

பாலைக் குடிக்கலாமா, விற்கலாமா?

பால் வழியாக இந்த நோய் பரவாது. மடியில் பக்கு இருந்தால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுக் கறக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றபடி எப்போதும்போலக் காய்ச்சிக் குடியுங்கள்.

தோல் கழலை நோய் வந்த மாட்டிடமிருந்தும் நமக்கு வருமா?

வராது. அது வைரஸ் நோய், மாட்டோடு நிற்கும். ஆனால் கறப்பவர் விரலில் ஊதா நிறத்தில் சின்னக் கழலை வந்தால் அது மாட்டு அம்மை வகையைச் சேர்ந்த வேறொரு வைரஸாக இருக்கலாம். வெள்ளாட்டுக் குட்டியின் வாயில் பக்கு கட்டும் நோயும் கைக்கு வரும். இரண்டுக்கும் பூஞ்சை மருந்து வேலை செய்யாது. மழைக்காலத்தில் மாட்டின் முதுகில் முடி கொத்துக்கொத்தாய் ஒட்டிப் பக்கு கட்டுவது இன்னொன்று, பார்க்கப் படைபோல இருந்தாலும் அது பாக்டீரியா. சந்தேகம் இருந்தால் பக்கைக் கொஞ்சம் காகித உறையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுவாருங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், ஈரம் கோத்துக் கெட்டுவிடும்.

கையுறை போட்டுக்கொண்டு பால் கறக்க முடியுமா?

பெரும்பாலானவர்கள் போட மாட்டார்கள், எனக்கும் தெரியும். அதனால் நடக்கிற காரியத்தைச் சொல்கிறேன். கன்றுக்கு மருந்து போடும் அந்தப் பத்து நிமிடம் மட்டும் கையுறை. தொழுவத்துக்கென்று ஒரு பழைய முழுக்கைச் சட்டை, புடவைக்கு மேலேயே அதைப் போட்டுக்கொள்ளலாம். அதை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். நல்ல கன்றுகளை முதலில் பார்த்துவிட்டு, படை உள்ளதைக் கடைசியாகத் தொடுங்கள். வெளியே வந்ததும் முழங்கை வரை சோப்பு. முகத்தைத் துடைக்கிற துண்டால் மாட்டைத் துடைக்க வேண்டாம், இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள், ஆனால் தோளில் ஒரே துண்டுதானே கிடக்கிறது.

பண்ணை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிமாநிலத்திலிருந்து வந்து தொழுவத்தை ஒட்டியே தங்கியிருக்கும் தொழிலாளர்களுக்கு ஊரில் யாரையும் தெரியாது, மொழி தெரியாது. கையைச் சுருட்டிக் காட்ட அவர்களுக்கு ஆள் இல்லை. மாட்டுக்கு மருத்துவரைக் கூப்பிடும்போது அவர்கள் கையையும் கேட்டுப் பாருங்கள். வீட்டுப் பெண்களும் இப்படித்தான், ஜாக்கெட்டுக்குள் இருப்பதை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருப்பார்கள்.

மாட்டுக்குத் தடுப்பூசி இல்லையா?

இருக்கிறது. சோவியத் ஒன்றியத்தில் உருவாக்கி, நார்வேயில் பெருமளவில் போட்டு நோயை வெகுவாகக் குறைத்தார்கள். நம் ஊர்க் கால்நடை மருந்தகங்களில் அதைப் போடுவதில்லை. சந்தையில் வாங்கிவரும் மாட்டை மூன்று நான்கு வாரம் தனியே கட்டிப் பார்ப்பதுதான் இப்போதைக்கு நம் தடுப்பூசி.

தொழுவத்தை எதைக் கொண்டு கழுவுவது? பழைய கயிற்றை என்ன செய்வது?

மாடுகளை வெளியே கட்டிவிட்டு, முதலில் சாணியையும் மண்ணையும் தேய்த்துக் கழுவுங்கள். அழுக்கின் மேல் எந்த மருந்தைத் தெளித்தாலும் வீண். பிறகு பத்து லிட்டர் வாளிக்கு 150 முதல் 200 கிராம் ப்ளீச்சிங் பவுடர் கரைத்து, கம்பம், தடுப்பு, தொட்டி விளிம்பு எல்லாம் நனையும்படி ஊற்றிப் பத்து நிமிடமாவது ஊறவிடுங்கள். பினாயிலோடும் ஆசிடோடும் கலக்கவே கூடாது, கிளம்பும் வாயு ஆளைச் சாய்த்துவிடும். தொட்டியை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே தீவனம் போடுங்கள். பிரஷ், வாளிப் பிடி, சங்கிலிக்கும் இதே தண்ணீர்தான். மரக்கம்பம் வெடிப்பு விட்டிருந்தால் மாற்றுவது உத்தமம், முடியாவிட்டால் கழுவியபின் வெடிப்பை அடைத்துச் சுண்ணாம்பு அடியுங்கள்.

கயிற்றைப் பொறுத்தவரை, மாட்டுப் பொங்கலுக்குப் புது மூக்கணாங்கயிறும் தும்பும் மாற்றுகிற வழக்கம் நம்மிடம் இருக்கவே இருக்கிறது. கழற்றிய பழசை “நாளைக்கு உதவும்” என்று இறவாரத்தில் சொருகி வைக்காதீர்கள். நூல் கயிறும் தேங்காய் நார்க் கயிறும் நெருப்புக்கு. நைலான் என்றால் அதே ப்ளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்து, அலசி, வெயிலில் போடுங்கள். கன்றுக்குப் படை என்றால் பொங்கல் வரை காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.